மருந்து கேட்காத புழு

நம் ஊர்ப் பக்கத்தில் பயிருக்கு அடிக்கும் விஷத்தை விஷம் என்று எவரும் வாய் தவறியும் சொல்வதில்லை; மருந்து என்றுதான் சொல்வார்கள். அந்த மருந்தை இரண்டு முறை அடித்தும் புழு சாகாமல் இருந்தால், ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கி வைப்பார்கள். பிணிக்குக் கொடுக்கும் மருந்து சில உடம்புக்குக் கேட்பதும் சில உடம்புக்குக் கேளாததும் உண்டு என்கிற பழைய வைத்திய அனுபவத்திலிருந்து வந்த வழக்கு இது. ஆயினும் பூச்சி விஷயத்தில் இதைக் காதில் வாங்கும்போதெல்லாம், இந்தச் சொல்லுக்குள் விவசாயியின் நுட்பமான கவனிப்பு ஒன்று பொதிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். கடையில் வாங்கியது கலப்படமில்லை, கலக்கிய அளவு தவறவில்லை, மழை வந்து கழுவிக்கொண்டு போகவும் இல்லை. இவ்வளவும் சரியாயிருந்தும் அந்தச் சிறிய உடலுக்குள்ளே ஏதோ ஒன்று விஷத்துக்கு இணங்க மறுக்கிறது என்பதை அவர் தம் கண்ணால் கண்டு சொல்கிறார். மறுப்பது எது என்று சாஸ்திரம் கண்டறிந்து சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்தச் சரித்திரம் மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது ஆப்பிள் தோட்டங்களில். நம் கடைத்தெருக்களில் சிறு ஒட்டுச்சீட்டோடு பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் வாஷிங்டன் ஆப்பிள், அமெரிக்காவின் வடமேற்கே கொலம்பியா ஆற்றையும் அதன் உபநதிகளையும் ஒட்டிய வெனாட்சி, யாக்கிமா முதலிய பள்ளத்தாக்குகளில் விளைவது. நூறாண்டுக்கு மேலாக ஒரே ஒரு புழுவோடு அந்தப் பள்ளத்தாக்குகள் நடத்திவந்த போராட்டத்தைப் படிக்கப் படிக்க என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு பூச்சி விஷத்துக்கு மடியக்கூடிய நிலையில் இருப்பதே ஒரு செல்வம். அது தனியொருவருடைய சொத்தன்று, ஏரித் தண்ணீரைப் போல ஊருக்கெல்லாம் பொதுவானது. அதை ஆளுக்கொரு மடையாகத் திறந்து வற்றடித்துவிட்டு, பிறகு ஆழ்கிணறு தோண்டுவது போல மேன்மேலும் வீரியமான விஷத்தைத் தேடிப் போவது எந்த நாட்டு விவசாயத்துக்கும் க்ஷேமம் தராது.

புழுவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் காட்லிங் என்று பெயர் வழங்கும் சின்னஞ்சிறு அந்துப்பூச்சியின் குஞ்சு அது. சாம்பல் நிறத்தில், சிறகின் நுனியில் செப்புப் பூச்சுப் போன்ற ஒரு திட்டோடு, மரப்பட்டையின்மேல் அமர்ந்தால் பட்டையோடு பட்டையாக ஒன்றிப்போகும் அந்தத் தாய், அந்தி மங்கும் வேளையில் பறந்து, இலைமேலும் பிஞ்சின்மேலும் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்கிறது. முட்டையை விட்டு வெளிவரும் புழு வெளியுலகில் சஞ்சரிப்பது சில மணி நேரந்தான். அதற்குள் ஒரு காயைக் கண்டுபிடித்துத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. போனபின் சதையைக் கடந்து நடுவிலுள்ள விதையைத் தேடித் தின்று கொழுத்து, வளர்ந்ததும் வெளியேறி, பட்டையின் இடுக்கில் பட்டுக்கூடு கட்டிக்கொண்டு பனிக்காலம் முழுவதையும் உறங்கிக் கழிக்கிறது. தோட்டக்காரருக்குக் கைக்கு எட்டுவது அந்தச் சில மணி நேரம் ஒன்றுதான். எந்தக் காயில் எந்த நேரத்தில் புழு வாய் வைக்கும் என்று தெரியாததால், ஒவ்வொரு காயின் தோலிலும் பருவம் நெடுகிலும் விஷம் படிந்திருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் உண்டாயிற்று. பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இந்த ஒரு நிர்ப்பந்தமே மூலகாரணம்.

முதலில் வந்தது பாஷாணம். 1892-ல் மாசசூசெட்ஸில் வேறொரு அந்துக்காக உருவாக்கப்பட்ட ஈய ஆர்ஸனேட், சில ஆண்டுகளில் ஆப்பிள் தோட்டங்களின் நித்திய உபகரணமாகி, அரை நூற்றாண்டுக்கு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஈயமும் ஆர்ஸனிக்கும் சேர்ந்த அந்தத் தூளைக் கரைத்துப் பருவத்துக்குப் பலமுறை அடித்தார்கள். புழு குறையாதபோது இன்னும் அடித்தார்கள். பழத்தின்மேல் தங்கிய பாஷாணத்தைக் குறித்து 1920-களின் நடுவில் இங்கிலாந்தில் ஆட்சேபம் எழுந்தபின், பறித்த பழத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி அனுப்பும் வழக்கம் வந்தது. பழத்தைக் கழுவலாம், மண்ணைக் கழுவ முடியுமா? அந்தப் பழைய தோட்டங்கள் இருந்த இடங்களில், மரங்கள் வெட்டப்பட்டு வீடுகள் எழுந்த பிறகும், ஈயமும் ஆர்ஸனிக்கும் மேல்மண்ணிலேயே கிடக்கின்றன.

புழு மாறிவருகிறது என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்துப் பூச்சியியலாளர் மெலாண்டர், கிளார்க்ஸ்டன் என்ற ஊர்த் தோட்டங்களில் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்கு மடியாத செதிற்பூச்சிகளைக் கண்டு, தெளிக்கும் மருந்துக்குப் பூச்சிகள் எதிர்ப்புச் சக்தி பெறக்கூடுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1914-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூச்சி விஷங்களின் சரித்திரத்தில் இந்தக் கேள்வியை அச்சில் எழுப்பிய முதல் கட்டுரையாக அதைக் கருதுகிறார்கள். 1928-ல் ஹவ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பாஷாணம் வெகுவாக அடிக்கப்பட்ட கொலராடோவின் காட்லிங் புழுக்களையும் வர்ஜீனியாவின் புழுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, ஒரே விதமாக மருந்து பூசிய ஆப்பிள்களில் விட்டுப் பார்த்தபோது, கொலராடோப் புழுக்களே அதிகமாக உள்ளே புகுந்தன. அந்தச் சுபாவம் தலைமுறை கடந்தும் தொடர்ந்தது. இந்தப் பரீட்சைக்குப் பிறகு, மருந்து சரியாக அடிக்கவில்லை என்று தோட்டக்காரரைக் குறை கூறுவதற்கு இடமிருக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அப்படித்தான் கூறினார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான் கூறுகிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் டி.டி.டி. தோட்டத்துக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-ல் அதன் பூச்சிக்கொல்லி சக்தியைக் கண்டறிந்து 1948-ல் நோபல் பரிசு பெற்றார். அது கைக்கு வந்தவுடன் காட்லிங் அந்துவின் கதை முடிந்தது என்றே தோட்டக்காரர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. டி.டி.டி. நல்ல பூச்சிகளையும் கொன்றதால் இலைச் சிலந்திப்பேன் பெருகி மரங்களை வெளுக்கச் செய்தது. 1950-களில் அந்துவும் டி.டி.டி.க்குக் கேட்காமற் போயிற்று. அடுத்து வந்த அஸின்பாஸ்-மெதில் என்னும் பாஸ்பரஸ் விஷம் மாத்திரம் விதிவிலக்குப்போல ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நின்று வேலை செய்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் அதற்கும் புழு அசையவில்லை என்று தெரியவந்தது.

இந்த இடத்தில் புழுவின் உடலுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும். ஏனெனில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை உள்ளே நடப்பதை அறியாமையால் விளைபவை. தாவரங்கள் ஓட முடியாதவை. ஆகவே தங்களை மேய வரும் பிராணிகளுக்கு எதிராக அநாதி காலமாகத் தம் இலையிலும் பட்டையிலும் விதையிலும் கசப்பையும் விஷத்தையும் சேமித்து வைத்திருக்கின்றன. ஆப்பிள் விதையை நசுக்கினால் சயனைடு உண்டாகும் என்பது பலரும் அறிந்தது. காட்லிங் புழு விரும்பித் தேடிச் செல்வதோ அந்த விதையைத்தான். இத்தகைய உணவை உண்டு எண்ணற்ற தலைமுறைகள் வாழ்ந்துவந்த ஜீவனுக்கு விஷத்தோடு சகவாசம் புதிதன்று. உண்டதில் வேண்டாததைப் பிரித்து, உருமாற்றி, உடலைவிட்டு வெளியேற்றுவதற்கான நொதிகள் அதன் குடலிலும் கொழுப்புத் திசுவிலும் முன்பே தயாராக இருக்கின்றன. மனிதன் தன் ரசாயனச் சாலையில் நேற்றுத் தயாரித்த விஷம் அந்தப் புராதன அடுக்களைக்குள் போய் விழுகிறது.

அந்த நொதிகளில் முக்கியமானவை மூன்று குடும்பங்கள். சைட்டோக்ரோம் பி-450 என்று வழங்கும் குடும்பம், பிராணவாயுவின் ஓர் அணுவை விஷ மூலக்கூறில் கொண்டுபோய்ப் பொருத்தி, கொழுப்பில் ஒட்டிக்கொண்டு திரியும் பொருளை நீரோடு போகத்தக்கதாக ஆக்குகிறது. குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் குடும்பம், குளுட்டாதயோன் என்ற சிறு பொருளை விஷத்தின் கழுத்தில் கட்டி வெளியேற்றுகிறது, டி.டி.டி.யிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் கழற்றிப் பூச்சிக்குத் தீங்கற்றதாக்கும் வேலையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எஸ்டரேஸ் என்பவை விஷத்தின் ஒரு பிணைப்பை வெட்டிப் பிளக்கின்றன. வெட்ட முடியாதபோதுகூட அந்த மூலக்கூறைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, நரம்புக்குப் போய்ச் சேரவிடாமல் தாங்களே பலியாகின்றன. இவை ஒவ்வொரு புழுவிலும் உண்டு, மனிதரிடத்திலும் உண்டு. வேறுபாடு அளவில்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். புழு விஷத்தைத் தின்று தின்று பழகிக்கொள்கிறது என்று நாம் பேசுவது வழக்கம். அபினி தின்பவர் உடம்பு அபினிக்குப் பழகுவதுபோல என்று உவமையும் சொல்வதுண்டு. உண்மை அதுவன்று. ஒரு தோட்டத்தில் உள்ள பல்லாயிரம் புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே இந்த நொதிகளில் ஒன்று மிகுதியாகச் சுரக்கும். விஷமில்லாத காலத்தில் அதனால் லாபமில்லாததால் அவை சிறுபான்மையாகவே கிடக்கும். விஷம் அடித்த அன்று மற்றவையெல்லாம் மடிய, காலியான தோட்டம் அவற்றின் சந்ததிக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. இந்த மிகுதி எப்படி வருகிறது என்பதற்குப் பீச் மரத்தில் பனிக்காலம் கழிக்கும் பச்சை அசுவினியைக் கொண்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டிய உதாரணம் மிக அழகானது. அதன் எஸ்டரேஸ் நொதியின் அளவு எதிர்ப்புச் சக்திக்கேற்ப ஒன்றுக்கு இரண்டாய், இரண்டுக்கு நான்காய், நான்குக்கு எட்டாய் இரட்டித்துக்கொண்டே போவதை 1970-களின் முடிவில் அவர்கள் கவனித்தார்கள். பின்னர் நோக்கியபோது அந்த நொதிக்கான மரபணுவே ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியதுபோலப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. மிக வலுத்த அசுவினிகளில் 80 பிரதிகள் வரை இருந்தன.

காட்லிங் அந்துவில் முதன்மையாகக் காணப்படுவன பி-450-ம் குளுட்டாதயோன் குடும்பமும். பிரான்ஸின் தென்பகுதியில் அவிஞோன் வட்டாரத்திலும், ஸ்பெயினின் லேய்தா வட்டாரத்திலும், அமெரிக்காவிலும் ஆராய்ந்தவர்கள் இவற்றைக் கண்டறிந்தார்கள். அதற்கான பரீட்சையை வர்ணிக்கக் கேட்டால் வியப்பாயிருக்கும். ஒரு பூச்சியின் வயிற்றை மாத்திரம் எடுத்து, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒரு குழிக்குள் இட்டு, குறிப்பிட்ட ஒரு கூமரின் பொருளைச் சேர்த்தால், பி-450 நொதி அதை மாற்றி ஒளிரச் செய்கிறது. எவ்வளவு ஒளி, அவ்வளவு நொதி. எஸ்டரேஸுக்கு வேறொரு பொருளும் ஒரு சாயமும். அங்கே நிறத்தின் கருமை கணக்குச் சொல்லும். தோட்டத்தில் அடுத்த ஆண்டு எந்த மருந்து கேட்காது என்பதை ஒரு முற்பகலில் அறிந்துகொள்ள வழி இருக்கிறது. அவ்வழி பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுவதையும், தோட்டக்காரர் வரையில் வராததையும் நான் ஒரு பெருங்குறையாகக் கருதுகிறேன்.

ஏனெனில் நொதி வழியே வரும் எதிர்ப்பின் சுபாவம் தனியானது. விஷம் போய்த் தாக்கும் இலக்கு மாறிவிட்டால், அதே இலக்கைத் தாக்கும் விஷங்கள் மாத்திரம் வீணாகும். வேறு இலக்கைத் தாக்குவதை எடுத்துக்கொள்ளலாம். நொதியோ இலக்கைப் பார்ப்பதில்லை; கையில் அகப்படும் மூலக்கூறு தன் வாய்க்கு ஏற்றதா என்று மாத்திரம் பார்க்கிறது. அவிஞோனின் புழுக்களில், தோல் உருவாவதைத் தடுக்கும் டைபுளுபென்சூரானை எதிர்த்தவையே, நரம்பைத் தாக்கும் டெல்டாமெத்ரினையும் எதிர்த்தன. இரண்டு விஷங்களுக்கும் செயல்முறையில் யாதொரு சம்பந்தமும் இல்லை. உள்ளே இருந்து அவற்றை எதிர்கொண்ட நொதிகளே ஒன்று. இன்னொரு விசித்திரமும் உண்டு. அஸின்பாஸ்-மெதில் போன்ற பாஸ்பரஸ் விஷங்கள் உள்ளே போகும்போது அரைத்தூக்கத்தில் போகின்றன. பூச்சியின் பி-450 நொதியே அதிலுள்ள கந்தக அணுவை எடுத்துவிட்டுப் பிராணவாயுவைப் பொருத்தியபின்தான் அவை முழு உக்கிரம் அடைகின்றன. விஷத்தை அவிக்கும் அதே குடும்பம் விஷத்தை எழுப்பவும் செய்கிறது. அமெரிக்கத் தோட்டங்களில் அஸின்பாஸுக்கு அசையாத சில புழுக்கூட்டங்கள், வேறு பாஸ்பரஸ் விஷங்களான குளோர்பைரிபாஸுக்கும் மெதில் பாரத்தியானுக்கும் சாதாரணப் புழுவைவிட எளிதில் மடிந்தது இவ்வித விசித்திரங்களுள் ஒன்று. ஆதலால், இது கேட்கவில்லையா, அதை எடுத்துக்கொள் என்று கடைப்பலகையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும்.

அளவைக் கூட்டுவதோ அதனினும் தீது. அஸின்பாஸுக்கு வாஷிங்டனிலும் கலிபோர்னியாவிலும் காணப்பட்ட எதிர்ப்பு பத்து மடங்கைக்கூட எட்டாதது. ஆயிரம் மடங்கு எதிர்ப்புகளைப் பற்றிக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் காயின் தோலில் படிந்த விஷம் வெயிலாலும் மழையாலும் நாளுக்கு நாள் தேய்ந்துவருவது. முன்பு மூன்று வாரம் காத்த பூச்சு, எதிர்ப்பு வந்தபின் ஒரு வாரமே காக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள இரண்டு வாரத்தில் வந்த புழுவெல்லாம் உள்ளே. தோட்டக்காரர் அந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு முறை அடிப்பார். அந்த அடியில் மடிவது, இன்னும் மடியக்கூடியவையாக மிஞ்சியிருந்தவை. ஒவ்வொரு கூடுதல் அடியும் பொதுச்செல்வத்திலிருந்து எடுத்த கடன்.

அடிப்பவருடைய உடம்பையும் நினைக்க வேண்டும். அஸின்பாஸ்-மெதில் புழுவின் நரம்பில் தாக்கும் கோலினெஸ்டரேஸ் என்னும் அதே நொதி மனிதர் நரம்பிலும் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பழத்தோட்டங்களில் மருந்து கலக்குவோரும் அடிப்போரும் பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வந்த உழைப்பாளிகள். அவர்களுடைய ரத்தத்தைப் பரிசோதித்து அந்த நொதி குறைகிறதா என்று பார்ப்பதை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டுமென்ற வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2002-ல் தீர்ப்பாகி, 2004-ல் அந்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. இதை எழுதும்போது என் மனம் கனக்கிறது. புழுவுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை. முப்பது ஆண்டுகளுக்குள் அதற்கு வேண்டிய நொதியை இயற்கை தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. தெளிப்பானைத் தூக்கிய மனிதனுக்கு அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது; அவனுடைய கவசம் ஒரு முகமூடியும் ஒரு ரப்பர் கையுறையும். புழு தப்பிக்கொண்டபின்னும் அவன்மீது விஷம் பெய்துகொண்டிருந்தது. 2006-ல் எடுத்த முடிவின்படி அமெரிக்க அரசு அஸின்பாஸ்-மெதிலைப் படிப்படியாக நீக்கத் தொடங்கி, 2012-ல் அதன் அனுமதியை ரத்து செய்தது.

இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை என்பதுதான் இதில் நமக்குள்ள நம்பிக்கை. நொதியை மிகுதியாகச் சுரப்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவு வேறெங்கோ குறையாகத் தெரிகிறது. அவிஞோன் ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்புச் சக்தியுள்ள காட்லிங் அந்துகள் எடை குறைந்து, மெதுவாக வளர்ந்து, குறைவாக முட்டையிட்டதைக் காட்டினார்கள். விஷத்தின் அழுத்தம் நீங்கினால், செலவாளியான அந்த வம்சம் சாதாரண வம்சத்தோடு போட்டியிட முடியாமல் சிறுகச் சிறுகப் பின்தங்கும். வற்றிய ஏரியில் மீண்டும் நீர் ஊறும். ஆனால் ஒரு தோட்டக்காரர் மாத்திரம் விஷத்தை நிறுத்தினால் ஊறாது. பக்கத்துத் தோட்டத்தின் அந்து வேலியைக் கேட்டுக்கொண்டு பறப்பதில்லை. ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும், அல்லது ஊரே சேர்ந்து வேறொன்றைச் செய்ய வேண்டும்.

ஏரியின் கலிங்கையும் வாய்க்காலையும் குடிமராமத்தாகச் செப்பனிட்ட பரம்பரையில் வந்த நமக்கு இந்த யோசனை அந்நியமாகப் படாது. அமெரிக்காவின் தனித்தனி முதலாளித் தோட்டக்காரர்களுக்கு இதை ஏற்பது எளிதாயிருக்கவில்லை, ஆயினும் ஏற்றார்கள். பெண் அந்து ஆணை அழைக்க விடும் வாசனைப் பொருளை 1971-ல் அமெரிக்க ரசாயனியலாளர் ரோலோஃப்ஸ் கண்டறிந்திருந்தார். அதையே செயற்கையாகத் தயாரித்து, சிறு குழல்களில் அடைத்து, ஏக்கருக்கு 400 குழல்கள் வீதம் கிளைகளில் கட்டிவிட்டால், தோட்டமெல்லாம் அந்த வாசனையே நிரம்பி, ஆண் அந்து எங்கே போவதென்று தெரியாமல் திரிந்து இணையின்றி மடியும். பத்து ஏக்கரில் மாத்திரம் கட்டினால், வெளியே இணைந்த பெண் உள்ளே வந்து முட்டையிட்டுவிடும். ஆகவே 1995-ல் மத்திய விவசாய இலாகாவும் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வாஷிங்டனில் ஹவர்ட் ஃப்ளாட் முதலிய இடங்களில், அண்டை அயல் தோட்டங்களை ஒரே அலகாக இணைத்து இம்முறையை நடத்தின. விஷத்தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. விஷத்துக்கு மடிந்துகொண்டிருந்த ஒட்டுண்ணிகளும் சிலந்திகளும் திரும்பி வரத் தொடங்கின. இன்று வாஷிங்டனின் ஆப்பிள் நிலத்தில் பெரும்பகுதி இந்த வாசனை முறையின்கீழ் இருக்கிறது.

விஷத்தை விட்டுவிட்டாலே போதும் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு ஐரோப்பாவில் நேர்ந்ததைக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் காட்லிங் புழுவையே கொல்லும் கிரானுலோ வைரஸ் ஒன்று 1963-ல் மெக்ஸிகோவில் கிடைத்தது. அங்கக விவசாயிகளுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. ஐரோப்பியத் தோட்டங்களில் ஆண்டுதோறும் அந்த ஒரே வகையையே அடித்தார்கள். 2005-ல் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது: அந்த வைரஸுக்கும் புழு கேட்கவில்லை, சில கூட்டங்களில் எதிர்ப்பு ஆயிரம் மடங்கையும் கடந்திருந்தது. வேறு வகை வைரஸ்களைத் தேடிப் பிடித்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. அடித்தது ரசாயனமா, ஜீவனா என்பதைப் புழு பேதம் பாராட்டவில்லை. ஒரே கதவை ஓயாமல் தட்டினால் அதற்கொரு தாழ்ப்பாள் உண்டாகிவிடுகிறது.

நம் தேசத்தில் காட்லிங் அந்து நிலைகொண்டிருப்பது லடாக்கில் மாத்திரம். காஷ்மீரப் பள்ளத்தாக்கின் ஆப்பிளுக்கும் இமாசலத்தின் ஆப்பிளுக்கும் அது பரவிவிடாதபடி, லடாக்கின் பழத்தை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. லடாக்கின் எளிய குடியானவர்களுக்கு அது பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தின் பாரத்தை அவர்கள் மாத்திரம் சுமக்காமல், அதனால் காப்பாற்றப்படும் மற்றப் பகுதிகளும் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டு விவசாயிக்கு இந்த அந்து ஒருபோதும் வராமற் போகலாம். ஆனால் அவருடைய மாந்தோப்பிலும் பருத்தியிலும் கத்தரியிலும் இருக்கும் பூச்சிகளின் உடலில் இதே மூன்று குடும்ப நொதிகள் இருக்கின்றன. மருந்துப் புட்டியின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டு, மனிதருக்கு அது எவ்வளவு அபாயம் என்று காட்டும் முறையை நம் சட்டம் வகுத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. அத்தோடு, அந்த விஷம் பூச்சியின் எந்த இலக்கைத் தாக்குகிறது என்பதைக் குறிக்கும் வகுப்பு எண்ணும் தமிழ் எண்ணெழுத்து அறிந்த எவரும் படிக்கும்படி, முக்கோணத்தின் அளவுக்குப் பெரிதாக அச்சாக வேண்டும். மருந்துக்கடைக்காரர் எதையும் எடுத்துக் கொடுப்பதற்கு முன், போன முறை எந்த எண் அடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். இலக்கைக் குறிக்கும் எண் நொதியைக் குறிக்காது என்று மேலே விவரித்த நியாயப்படி இதுவும் பூரணமாகாது. ஆகையால் வட்டாரத்துக்கொரு பரீட்சைச்சாலையில் அந்த 96 குழித் தட்டும் இருக்க வேண்டும். அதற்கு ஆகும் பணம், ஒரு பருவத்தில் வீணாக அடிக்கும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதாயிராது.

பணம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒகனாகன் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே 1992-ல் தொடங்கிய திட்டத்தில், அஸோயூஸ் என்ற ஊரில் லட்சக்கணக்கான காட்லிங் அந்துகளைத் தாங்களே வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கித் தோட்டங்களில் பறக்கவிட்டு வந்திருக்கிறார்கள். காட்டு அந்து மலட்டு அந்தோடு இணைந்தால் சந்ததி இல்லை. இதற்கு ஆப்பிள் தோட்டக்காரர்கள் ஏக்கர் கணக்கில் வரி கொடுத்துவந்திருக்கிறார்கள். தோட்டமே இல்லாத வீட்டுக்காரர்களும் தங்கள் சொத்துவரியோடு ஒரு சிறு பங்கு கொடுத்துவந்திருக்கிறார்கள். கொல்லையில் கவனிப்பாரின்றி நிற்கும் ஓர் ஆப்பிள் மரம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் புழு உற்பத்தி செய்யும் என்பதாலும், ஆற்றில் கலக்கும் விஷம் எல்லோருடைய குடிநீரிலும் கலக்கும் என்பதாலும், இது எல்லோருடைய காரியம் என்று அந்த ஊரார் ஒப்புக்கொண்டார்கள்.

வளர்ப்புப் புழுக்களின் ஆகாரத்தில் ஒரு சிவப்புச் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். அது அந்துவின் வயிற்றில் தங்கிவிடும். பருவம் முழுவதும் ஊழியர்கள் தோட்டந்தோறும் தொங்கும் பொறிகளை எடுத்து, பசையில் ஒட்டியிருக்கும் ஒவ்வோர் அந்துவையும் விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பாயிருந்தால் தாங்கள் விட்டது; சிவப்பில்லாவிட்டால் காட்டிலிருந்து வந்தது. இரண்டையும் தனித்தனியே எண்ணி, அந்தத் தோட்டத்தின் பெயருக்கு நேரே எழுதிவைத்துவிட்டு, அடுத்த மரத்துப் பொறிக்குப் போவார்கள்.